படிப்புக்குனு சொல்லி வாங்குற பிசி: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வில முக்காவாசி ஒரே விஷயம்தான். கம்மி பட்ஜெட்ல டெஸ்க்டாப் வேணும், படிக்கவும் ஆகணும், கேமும் ஓடணும். அதனால மத்த கேள்வியெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன், லேப்டாப் பத்தி கேட்டவங்க கோச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: பையன் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்திருக்கான். பாடத்துக்குனு சொல்லி டெஸ்க்டாப் கேக்குறான், ஆனா அவன் பாக்குற வீடியோ பூரா வேலரன்ட், ஜிடிஏனு கேம்தான். மானிட்டரோட சேத்து 45,000 வரைக்கும் போடலாம்னு இருக்கேன். எங்க ஊர் கடைல ஐ7, 16 ஜிபி ராம், கலர் லைட் கேபினெட் எல்லாம் சேத்து 28,000க்கே தர்றேங்குறாரு. வாங்கிரலாமா சார்? (ஒரு அப்பா, திண்டுக்கல்)

பதில்: எந்த ஐ7னு கேட்டீங்களா சார்? அந்த விலைக்கு ஐ7 வருதுனா அனேகமா ஐ7 2600 இல்லாட்டி 3770ஆதான் இருக்கும். அந்த நாலு இலக்க நம்பர்ல முதல் இலக்கம்தான் ஜெனரேஷன் (அஞ்சு இலக்கம்னா முதல் ரெண்டு), 2600 ரெண்டாவது, 2011ல வந்தது, 3770 மூணாவது, 2012. ஏதோ ஒரு ஆபீஸ்ல வருஷக்கணக்கா ஓடி கழிச்சுப் போட்ட ப்ராசசர எடுத்து, பேர் தெரியாத கம்பெனியோட எச்61ங்கிற அந்தக் காலத்து மதர்போர்டுல மாட்டி, டிடிஆர்3ங்கிற பழைய வகை ராம சொருகி, புது கேபினெட்ல கோயில் திருவிழா மாதிரி சீரியல் லைட்ட எரியவிட்டு கேமிங் பிசினு விக்கிறது ரொம்ப நாளா நடக்குது. 2022ல வந்த ஐ3 12100ல நாலே கோர்தான், அதுவே இந்த ரெண்டு ஐ7ஐயும் அசால்ட்டா தாண்டிப் போயிடும். ஐ3, ஐ5, ஐ7ங்கிறத பாக்குறதுக்கு முன்னாடி பின்னாடி இருக்குற நம்பர பாருங்க.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட முடிச்சுட்டாங்க, விண்டோஸ் 11ஓ இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழ முறைப்படி ஏறாது. குறுக்கு வழில ஏத்தித் தர்றேன்னு கடைக்காரர் சொல்வாரு, ஏத்தவும் முடியும், ஆனா விண்டோஸ் 11ல வேலரன்ட் ஓடணும்னா டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதியும் ஆன்ல இருக்கணும், அந்தப் பழைய போர்டுல டிபிஎம் 2.0க்கு எங்க போறது. இத மட்டும் பையன்கிட்ட சொல்லிப் பாருங்க, அப்புறம் அவனே அந்தக் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டான்.

படிப்ப பொறுத்தவரைக்கும் நம்ம ஸ்டேட் போர்டுல பிளஸ் ஒன்னுக்கு சி++, பிளஸ் டூவுக்கு பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும். இதுக்கு 8 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தாலே தாராளம். அதுக்கு மேல நீங்க போடுற காசு எல்லாம் கேமுக்குதான், அது தப்புனு நான் சொல்லல, தெரிஞ்சு போடுங்கன்னு சொல்றேன்.

உங்க பட்ஜெட்டுக்கு நான் சொல்றது ஏஎம்டியோட ரைசன் 5 5600ஜி ப்ராசசர். ஆறு கோர், கிராஃபிக்ஸ் உள்ளயே இருக்கு, தனியா கிராஃபிக்ஸ் கார்டு இப்ப வாங்க வேணாம். மதர்போர்டு ஏ520 போதும், பி550 கிடைச்சா நல்லது. ராம் மட்டும் 8 ஜிபி ரெண்டா போடச் சொல்லுங்க, 16 ஜிபி ஒத்தக் குச்சியா போட்டுடக்கூடாது, ஏன்னா இதுல கிராஃபிக்ஸும் அதே ராமதான் பங்கு போட்டுக்கும், ரெண்டு குச்சி இருந்தா ரெண்டு பாதைல டேட்டா போகும், ஒண்ணு இருந்தா ஒரே பாதை, கேம்ல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு கரண்ட் குடுக்குற பெட்டி), 22 இல்ல 24 இஞ்ச் மானிட்டர். வேலரன்ட் செட்டிங்ஸ கொறச்சு வச்சா நல்லா ஓடும், ஜிடிஏ 5ம் ஓடும், புதுசா வர்ற பெரிய கேம் எல்லாம் தடுமாறும். ராம் விலை இப்ப இருக்குற நிலைமைல 45,000த்த இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், கீபோர்டு மவுஸ சாதாரணமா எடுத்துக்கோங்க, லைட் எரியுற கேபினெட் வேணவே வேணாம்.

எஸ்எம்பிஎஸ்ல மட்டும் காச மிச்சம் பிடிக்காதீங்க. கேபினெட்டோட ஃப்ரீயா வர்ற எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்டுனு ஸ்டிக்கர் இருக்கும், அதுல பாதி லோடுக்கே மூச்சு முட்டும், போகும்போது போர்டையும் கூட்டிட்டுப் போனாலும் போயிடும். 80 ப்ளஸ் பிரான்ஸ் 550 வாட்ல தெரிஞ்ச கம்பெனியா ஒண்ணு இப்பவே போட்டுட்டீங்கன்னா, பையன் பிளஸ் டூ முடிச்சதும் கிராஃபிக்ஸ் கார்ட மட்டும் வாங்கி சொருகிக்கலாம். அப்ப ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி கார்டு பக்கம் போயிடாதீங்க, அது போர்டோட பேச நாலே லேன் (டேட்டா போற பாதை) வச்சிருக்குற கார்டு, அந்தப் பாதை பிசிஐஇ 4.0 வகையா இருந்தாதான் அதுக்கு முழு வேகம், 5600ஜி 3.0தான் தரும். எட்டு லேன் இருக்குற ஆர்எக்ஸ் 6600ன்னா பிரச்சனை இல்ல.

கேள்வி: அண்ணா, நான் மெக்கானிக்கல் செகண்ட் இயர். சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட் வேணும், நைட்டு ஆனா கேம். மானிட்டர் வீட்ல இருக்கு, சிபியுவுக்கு மட்டும் 65,000 இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சாலிட்வொர்க்ஸுக்கு ஐ9 இல்லாம ஓடாதுங்குறாங்க. (திருநெல்வேலி)

பதில்: ஓடும் தம்பி. காலேஜ்ல நீங்க போடுற அசெம்ப்ளில எத்தன பார்ட்ஸ் இருக்கப் போகுது, ஒரு அம்பது, நூறு? மாடலிங் வேலைல பெரும்பாலும் ஒரே கோர்தான் ஓடிட்டு இருக்கும், கோர் எண்ணிக்கைய விட ஒரு கோரோட வேகம்தான் முக்கியம், ரெண்டரிங், சிமுலேஷன்னு போறப்பதான் நிறைய கோர் கை கொடுக்கும். ஐ5 12400எஃப் எடுங்க, ஆறு கோர், 12 த்ரெட், நாலஞ்சு வருஷம் நிம்மதியா ஓடும். அந்த எஃப்னா உள்ள கிராஃபிக்ஸ் கிடையாதுனு அர்த்தம், கார்டு இல்லாம ஆன் பண்ணா டிஸ்ப்ளேயே வராது, கடைக்கு போன் போட்டு பிசி டெட்டுனு சண்டை போடாதீங்க. ரைசன் 5 5600ம் இதே ரேஞ்சுதான், அன்னைக்கு எது கம்மியோ அத எடுங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல யூடியூப்ல நடக்குற சண்டைய பாத்து நேரத்த வீணடிக்காதீங்க.

கிராஃபிக்ஸ் கார்டுலதான் யோசிக்கணும். வெறும் கேம்னா ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட்டு, கொடுக்குற காசுக்கு நல்ல கார்டு. ஆனா உங்களுக்கு தேர்ட் இயர்ல மெஷின் லேர்னிங் எலெக்டிவ் எடுக்குற ஐடியா, இல்ல ப்ளெண்டர் மாதிரி ஏதாவது கத்துக்குற ஐடியா இருந்தா என்விடியா பக்கம் போங்க, ஏன்னா நிறைய டூல் குடாங்கிற என்விடியாவோட சாஃப்ட்வேர நம்பிதான் இருக்கு, குடா என்விடியால மட்டும்தான் ஓடும். ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபியோ, 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 5050ஓ பட்ஜெட்டுக்குள்ள வருதானு பாருங்க. 3050லயே 6 ஜிபினு ஒண்ணு இருக்கு, பேர் ஒண்ணுதான் ஆனா கார்டு வேற, கோரும் கம்மி, 70 வாட்டுதான், பில்லுல 8 ஜிபினு இருக்கானு ரெண்டு தடவ பாத்துக்கோங்க. ராம் 16 ஜிபி இப்போதைக்குப் போதும்.

சாஃப்ட்வேர திருட்டு கிராக் போட்டு ஏத்தாதீங்க, ஆட்டோகேட் எல்லாம் ஸ்டூடண்ட்டுக்கு ஆட்டோடெஸ்க்கே ஃப்ரீயா குடுக்குது, காலேஜ்ல படிக்கிறதுக்கான ஆதாரம் காட்டினா போதும்.

கேள்வி: என்கிட்ட 20,000தான் இருக்கு, டியூஷன் எடுத்து சேத்த காசு. பழைய டெல் ஆபீஸ் பிசி வாங்கலாமா? கேம் சும்மா லைட்டா ஆடினா போதும். (பி.எஸ்சி. மாணவி, வேலூர்)

பதில்: தாராளமா வாங்கலாம்மா, 20,000க்கு புதுசுன்னு தர்ற அசெம்பிள்ட் எதையும் விட இதுதான் மேல். ஐடி கம்பெனிங்க லீசு முடிஞ்சதும் மொத்தமா வெளில தள்ற டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி ப்ரோடெஸ்க், லெனோவா திங்க்சென்டர் இதெல்லாம் ஆபீஸ்ல எட்டு மணி நேரம் ஓடுறதுக்குனே செஞ்சது, போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் கெட்டி. ஐ5 8500, அதுக்கு மேல இருக்குறதா பாத்து எடுங்க, அதாவது எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து, விண்டோஸ் 11 காரணம்தான் மேல சொல்லிட்டேன்.

மாடல் பேர நம்பி ஏமாந்துடாதீங்க. ஆப்டிபிளெக்ஸ் 7010னு டெல் 2012லயும் ஒண்ணு விட்டாங்க, 2023லயும் அதே பேர்ல ஒண்ணு விட்டாங்க! ஒண்ணு மூணாவது ஜெனரேஷன், இன்னொண்ணு பதிமூணாவது. பழைய 7010அ புது 7010னு நெனச்சு காசு குடுத்துட்டா அப்புறம் புலம்பி பிரயோஜனம் இல்ல, ஆன் பண்ணச் சொல்லி ப்ராசசர் பேர ஸ்கிரீன்ல பாத்துட்டு குடுங்க. அப்படியே பயோஸுக்குள்ள (ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) போய்ப் பாருங்க, பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருந்தா நைசா வேற பீஸ் கேளுங்க.

அடுத்தது சைஸ். ஒல்லியா இருக்குற எஸ்எஃப்எஃப் மாடல் டேபிள்ல அழகா உக்காரும், ஆனா பின்னாடி கிராஃபிக்ஸ் கார்டு போடணும்னா குட்டையான லோ ப்ரொஃபைல் கார்டுதான் உள்ள போகும், அதுவும் தனியா பவர் ஒயர் கேக்காத, 75 வாட்டுக்குள்ள ஓடுற கார்டு, ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி. டெல்லோட எஸ்எம்பிஎஸ் சைஸும் கனெக்டரும் வேற, கடைல கிடைக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸ மாத்தவும் முடியாது. பெரிய டவர் மாடல் கிடைச்சா அதையே எடுங்க. ஹார்டு டிஸ்க்கோட குடுத்தா அத ஓரமா வச்சுட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டுருங்க, அதுக்கும் சேத்துதான் 20,000னு கணக்கு வச்சுக்கோங்க.

செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு தனியா வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கிற கிரிப்டோ காச கார்ட ஓட்டி சம்பாதிக்கிற மைனிங் நின்னப்ப ராத்திரி பகலா ஓடின கார்டு எல்லாம் சந்தைக்கு வந்துச்சு, அதுல நெறைய இன்னமும் கை மாறிட்டே இருக்கு. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பினு இருந்தா அது பேருக்குத்தான் 580, உள்ள இருக்குறது 570. இன்னும் மோசம், பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐல பயோஸ மாத்தி 1050 டிஐனு காட்ற வேலையும் உண்டு. ஜிபியு-இசட்னு சின்ன ஃப்ரீ சாஃப்ட்வேர், பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, அந்த மாதிரி போலிய அதுவே காட்டிக் குடுத்துரும்.

கேள்வி: ராம் விலை எறங்குற வரைக்கும் வெயிட் பண்ணலாமா? (சேலம்)

பதில்: படிப்புக்கு இப்ப வேணும்னா வாங்கிருங்க. உலகத்துல ராம் சிப் செய்யுறது பெருசா மூணு கம்பெனிதான், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மூணு பேருக்கும் ஏஐ டேட்டா சென்டர்காரங்க பெரிய காசு குடுக்குறாங்க, அதனால ஃபேக்டரியோட கவனம் அந்தப் பக்கம் திரும்பிருச்சு, நமக்கு மிச்சம் மீதிதான். 2025 டிசம்பர்ல மைக்ரான், க்ரூஷியல்ங்கிற பேர்ல நாம கடைல வாங்கிட்டு இருந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்த விட்டே வெளியேறுறதா அறிவிச்சுட்டாங்க, அவங்களே திரும்பி வர்ற எண்ணத்துல இருக்குற மாதிரி தெரியல. பழைய பிசில டிடிஆர்4 ராம் இருந்தா தூக்கிப் போடாம அத வச்சே புது பிசிய பிளான் பண்ணுங்க, ஏஎம்டியோட புது ஏஎம்5 போர்டு எல்லாம் டிடிஆர்5 மட்டும்தான் ஏத்துக்கும், நான் ஏஎம்4 (மேல சொன்ன ரைசன் ரெண்டும் இதுலதான்), இன்டெல் 12ஆவது ஜெனரேஷன்னு பழைய பாட்டயே பாடிட்டு இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். 12ஆவது ஜெனரேஷன் போர்டுல டிடிஆர்4, டிடிஆர்5னு ரெண்டு வகையும் வருது, டிடிஆர்4னு கேட்டு வாங்குங்க.

கேள்வி: எங்க தெருவுல கரண்ட் போய்ப் போய் வரும், லோ வோல்டேஜும் உண்டு. வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, தனியா யுபிஎஸ் வாங்கணுமா? அதோட கேபினெட்ட வெறுங்காலோட தொட்டா சுர்ருங்குது, பயமா இருக்கு. (இல்லத்தரசி, தஞ்சாவூர் பக்கம்)

பதில்: ரெண்டாவத முதல்ல பாருங்க. எஸ்எம்பிஎஸ்ல கரண்ட்ட சுத்தப்படுத்த ஒரு ஃபில்டர் இருக்கும், அதுல இருந்து துளியூண்டு கரண்ட் கேபினெட்டுக்கு கசியும், அது எர்த் ஒயர் வழியா மண்ணுக்குப் போயிடணும். உங்க வீட்ல அந்த பிளக்குக்கு எர்த் சரியா இல்ல, அதான் உங்க கை வழியா போகப் பாக்குது. எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த் செக் பண்ணச் சொல்லுங்க, நாள் தள்ளாதீங்க. ரெண்டு பின் கன்வெர்ட்டர், மூணாவது பின்ன ஒடச்சுப் போடுறது இதெல்லாம் வேணவே வேணாம், ஒருவேளை எஸ்எம்பிஎஸ் உள்ளயே பழுதுன்னா அன்னைக்கு சுர்ருனு மட்டும் விடாது.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகைன்னா (லைன் கரண்ட் மாதிரியே சீரா குடுக்குறது) அதுலயே சமாளிக்கலாம். பின்னாடி யுபிஎஸ் மோடுனு ஒரு ஸ்விட்ச் இருக்கானு பாருங்க, அதுல வச்சாதான் கரண்ட் போற நொடில பிசி ஆஃப் ஆகாம இருக்கும், நார்மல் மோடுல மாறுறதுக்கு நேரம் எடுக்கும். ஆனா யுபிஎஸ் மோடுல லோ வோல்டேஜ் வந்தாலே பேட்டரிக்குத் தாவிடும், உங்க ஏரியால அது அடிக்கடி நடந்தா பேட்டரி வடிஞ்சுட்டே இருக்கும். அப்படினா இன்வெர்ட்டர நார்மல்ல விட்டுட்டு பிசிக்கு மட்டும் தனியா சின்ன யுபிஎஸ் வச்சுருங்க. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பிசிக்கு 600 விஏ போதும், அது ஏறக்குறைய 360 வாட்டு. கார்டு இருந்தா 1000 விஏ பக்கம் போங்க. யுபிஎஸ் குடுக்குற அந்த பத்து நிமிஷம் சேவ் பண்ணி ஆஃப் பண்றதுக்குத்தான், மேட்ச்ச முடிச்சுட்டு வர்றேன்னு பிள்ளைங்க சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: புது பிசி, ஆர்எக்ஸ் 6600 கார்டு போட்டும் கேம் சிக்கிச் சிக்கி ஓடுது. கடைக்காரர் கேம்தான் சரியில்லங்குறாரு. (ஈரோடு)

பதில்: மானிட்டர் ஒயர எங்க சொருகியிருக்கீங்க? மேல மதர்போர்டுல யுஎஸ்பி பக்கத்துல இருக்குற எச்டிஎம்ஐலயா, கீழ படுக்க வசமா இருக்குற கார்டுலயா? மேலன்னா கீழ மாத்துங்க, நீங்க வாங்கின கார்டு பெரும்பாலும் சும்மாதான் உக்காந்திருக்கும். அது சரியா இருந்தா பயோஸ்ல ராம முழு வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பிய ஆன் பண்ணுங்க, இல்லன்னா 3200 ராம் 2133லயோ 2666லயோதான் ஓடும். அதுவும் சரின்னா மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்னு வாங்கிட்டு விண்டோஸ் செட்டிங்ஸ்ல 60லயே விட்டிருக்கீங்களானு பாருங்க. மூணும் சரியா இருந்தும் சிக்குதுன்னா ராம் ஒத்தக் குச்சியானு தொறந்து பாத்துட்டு மறுபடி எழுதுங்க.

கேள்வி: ஜிடிஏ 6 ஓடுற மாதிரி பிசி இப்பவே அசெம்பிள் பண்ணலாமா? (மதுரை, கரூர், இன்னும் பல ஊர்ல இருந்து)

பதில்: பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான் 2026 நவம்பர் 19னு தேதி அறிவிச்சிருக்காங்க. பிசிக்கு தேதியும் சொல்லல, என்ன கார்டு வேணும்னும் சொல்லல. ஜிடிஏ 5 முதல்ல 2013ல கன்சோலுக்கு வந்து பிசிக்கு 2015லதான் வந்துச்சு. வராத கேமுக்கு கார்டு வாங்காதீங்கப்பா.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்குறதா, ஆன்லைனா? பில் இல்லாம வாங்கினா கம்மியாகுமாமே? (விழுப்புரம்)

பதில்: விழுப்புரத்துல இருந்து ஒரு நாள் வேலை, போயிட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம், நிறைய கடை மூடியிருக்கும். ஆனா போறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒவ்வொரு பார்ட்டோட விலையும் குறிச்சு வச்சுக்கோங்க. கடைல கொட்டேஷன் எழுதி வாங்கும்போது "16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ்"னு மொட்டையா எழுதுவாங்க, அப்படி விடாதீங்க, பிராண்டும் முழு மாடல் நம்பரும் எழுதச் சொல்லுங்க, அத எழுத யோசிக்கிற கடைல இருந்து அடுத்த கடைக்கு நகந்துருங்க. ரெண்டு மூணு கடைல அதே லிஸ்ட்ட காட்டினா விலை தானா வழிக்கு வரும். அசெம்பிள் பண்ணும்போது பக்கத்துலயே நில்லுங்க, டப்பா எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்கோங்க, டப்பாவுல இருக்குற சீரியல் நம்பரும் பில்லுல இருக்குறதும் ஒண்ணானு பாருங்க.

பில் இல்லன்னா 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்னு சொல்வாங்க. கிராஃபிக்ஸ் கார்டுக்கு பொதுவா மூணு வருஷ வாரன்ட்டி, டப்பா ப்ராசசருக்கும் மூணு வருஷம், ராமுக்கு அதுக்கும் மேல. ரெண்டாவது வருஷம் கார்டு போச்சுன்னா சர்வீஸ் சென்டர்ல முதல்ல கேக்குறது பில்லத்தான், நீங்க மிச்சம் பிடிச்ச 18 சதவீதத்த வச்சு அன்னைக்கு புது கார்டுல ஃபேன் கூட வாங்க முடியாது. பில்ல போன்ல போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க, அந்த தெர்மல் பேப்பர்ல எழுத்து ஆறு மாசத்துல அழிஞ்சு போயிடுது.